காவிரிக்கு எதிர்த்திசையில் – நான்காம் நாள்: குடகு மழை

காலையில் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினேன். வெளியே ஒன்றுமே இல்லை. மலை இல்லை, மரம் இல்லை, நேற்று இரவு கார் நிறுத்திய இடம்கூட இல்லை. துவைத்த வேட்டியை ஜன்னலுக்கு வெளியே உலர்த்திப் போட்ட மாதிரி ஒரே வெள்ளை. "காலைல எழுந்து பாருங்க, பள்ளத்தாக்கு முழுசும் தெரியும்" என்று சொல்லித்தான் தங்கும் வீட்டுக்காரர் இந்த அறையைக் கொடுத்தார், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவும் வாங்கிக்கொண்டார். பள்ளத்தாக்கு கேட்டது, அவ்வளவுதான். ஓட்டுக் கூரையில் விழுகிற சத்தம், தகரக் குழாயில் இறங்குகிற சத்தம், கீழே சிமெண்டுத் தரையில் கொட்டுகிற சத்தம் என்று மூன்று சுருதியில் மழை.

முதல் மூன்று நாட்களைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: திருச்சியிலிருந்து காவிரியை எதிர்த்துக்கொண்டே காரில் போகிறோம். முதல் நாள் பவானி கூடுதுறை, மேட்டூர். இரண்டாம் நாள் மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாக மைசூர். நேற்று கிருஷ்ணராஜ சாகர் பார்த்துவிட்டுக் குஷால்நகர் வழியாக மடிக்கேரி. காரில் ஐந்து பேர்: நான், அவர், பெரியவள், சின்னவன், என் மாமியார். ஆடி மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன காரணம் சொல்லி லீவு வாங்கினோம் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

இந்தப் பயணமே அத்தைக்காகத்தான். மாயவரத்துக்குக் கிழக்கே, காவிரி கடலுக்குப் போகும் முன் களைத்துப்போய் வாய்க்காலாகச் சுருங்குகிற கடைமடைப் பகுதி அவருடைய ஊர். மற்ற வீடுகளில் தங்கம் என்ன விலை என்று கேட்பார்கள், எங்கள் வீட்டில் "மேட்டூர்ல இன்னைக்கு எத்தனை அடி?" என்பதுதான் காலைக் கேள்வி. முழு அளவு 120 அடி, 93.47 டிஎம்சி என்பதெல்லாம் அவருக்குத் தன் வயதைவிட நன்றாகத் தெரியும் (வயது 71 என்கிறார், ஆதார் அட்டை வேறு சொல்கிறது). கிருஷ்ணராஜ சாகருக்கு 124.80 அடி என்று நேற்று அங்கே நின்றுகொண்டு அவர் சொன்னபோது பக்கத்தில் இருந்த மைசூர்க் குடும்பமே திரும்பிப் பார்த்தது. ஆனால் இந்தத் தண்ணீர் எங்கே பெய்கிறது என்று இத்தனை வருஷத்தில் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. ஆடியில் மண் பொரியும், வெயில் மண்டையைப் பிளக்கும், அதற்கு நடுவே வாய்க்காலில் மட்டும் செக்கச்செவேலென்று தண்ணீர் வரும். எங்கேயோ யாருக்கோ பெய்த மழை.

சரி, இன்றைக்கு வருவோம். திட்டப்படி காலையில் ராஜா சீட், அப்புறம் அப்பி அருவி, மதியத்துக்குமேல் தலைக்காவிரி. ராஜா சீட்டுக்குப் போனோம். குடகு ராஜாக்கள் உட்கார்ந்து மலைகளை ரசித்த இடமாம். நாங்கள் கைப்பிடிக் கம்பியை ரசித்தோம், அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பெரியவள் அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்தாள், பாஸ்போர்ட் போட்டோ மாதிரியே வந்திருக்கிறது. வீட்டுக்காரர் போன் செய்து, மழைக்காக மாவட்டம் முழுக்கப் பள்ளிகளுக்கு லீவு விட்டிருக்கிறார்கள், அருவிப் பக்கம் போகவேண்டாம், தலைக்காவிரி போவதென்றால் இப்போதே போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள் என்றார். சின்னவனுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. "இங்க உள்ள பசங்களுக்கு மழைன்னா லீவு, எனக்கு மட்டும் பொய்க் காய்ச்சலா?" (பாருங்கள், சொல்லாமல் விட்டதை அவன் சொல்லிவிட்டான்.)

தலைக்காவிரிக்குப் போகும் வழியில் இருக்கிற பாகமண்டலம், மடிக்கேரியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று போன் வரைபடம் சொன்னது. எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது.

முதல் பிரச்சினை கண்ணாடி. ஐந்து பேரின் மூச்சும், ராஜா சீட்டில் நனைந்த ஐந்து ஜோடிச் செருப்பும், ஒரு ஈரத் துண்டும் சேர்ந்து பத்து நிமிஷத்தில் காருக்குள்ளேயும் மூடுபனி. ஏசியைப் போட்டால் அத்தைக்குக் குளிர், நிறுத்தினால் அவருக்குச் சாலை தெரியாது. கடைசியில் ஏசிக் காற்று முழுவதையும் முன் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி அந்தக் குமிழை மாற்றி, அத்தைக்கு இரண்டு போர்வை. போர்வைக்குள்ளிருந்து மூக்கும் வெற்றிலைப் பையும் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெற்றிலை, சீவல், ஒரு சின்ன டப்பாவில் சுண்ணாம்பு, காகிதத்தில் மடித்த புகையிலை. டாக்டர் சொல்லி, நான் சொல்லி, பேத்தி படம் காட்டிப் பயமுறுத்தி, மூன்று வருஷமாக நடக்கிற சண்டை. இந்தப் பயணத்துக்குக் கிளம்பும்போது புகையிலையை எடுத்து அலமாரியில் ஒளித்து வைத்தவள் நான்தான். அவரிடம் இன்னொரு பொட்டலம் இருந்திருக்கிறது.

சாலை அழகு என்று எழுதினால் நான் முழுதாகப் பார்த்தமாதிரி ஆகிவிடும். துண்டு துண்டாகத்தான் பார்த்தோம். வைப்பர் ஒருமுறை துடைக்கும் நேரத்துக்கு ஒரு சில்வர் ஓக் வரிசை, அடுத்த துடைப்பில் அந்த மரங்களில் ஏறியிருக்கிற மிளகுக் கொடி, அதற்கடுத்து நிழலில் கறுத்த பச்சையாகக் காப்பிச் செடிகள். ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கினால் ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாசனை வந்தது. காப்பித் தோட்டத்துக்கு நடுவில் காப்பி நன்றாக இருக்கும் என்று நம்பி வழியில் ஒரு கடையில் நிறுத்தினோம். அதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் இருப்பதுதான் மரியாதை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்களை அப்படி ஏமாற்றக் கூடாது.

ஒரு வளைவைத் தாண்டியதும் இரண்டு மலைக்கு நடுவே பள்ளத்தில் வயல். நடவு நடந்துகொண்டிருந்தது, கொட்டுகிற மழையில். பிளாஸ்டிக் தாளைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். "தம்பி, நிறுத்து" என்றார் அத்தை. அருவிக்கு நிறுத்தச் சொல்லாதவர், மயில் நின்றபோதுகூட நிறுத்தச் சொல்லாதவர். ஜன்னலை முழுவதும் இறக்கிவிட்டார், சாரல் உள்ளே அடித்துப் பின்சீட்டே நனைந்தது, ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாத்து கொஞ்சம் முத்திடுச்சு" என்று ஒரு குறை சொன்னார். அப்புறம், "இவங்களுக்கு முறை கெடையாது, மதகு கெடையாது, எப்ப தொறப்பாங்கன்னு யாரு வாயையும் பாத்துகிட்டு நிக்க வேணாம். அண்ணாந்து பாத்தாப் போதும்" என்றார். குரலில் இருந்தது பொறாமைதான், வேறு பெயர் வைக்க முடியாது.

சேரம்பாணே தாண்டி வைப்பர் போய்விட்டது. டிரைவர் பக்கத்து ரப்பர் பாதி உரிந்து கண்ணாடியில் பாம்பு மாதிரி துள்ளியது, இரண்டு நிமிஷத்தில் முழுதாகக் கழன்று மழையோடு போனது. வெறும் கம்பி கண்ணாடியைச் சுரண்டுகிற சத்தம் பல்லைக் கூச வைக்கும். இந்தப் பக்கத்து வைப்பரைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டலாம் என்று அவர் இறங்கி நனைந்து மாட்டிப் பார்த்தார். எங்கள் காரில் டிரைவர் பக்கம் நீளம், இந்தப் பக்கம் குட்டை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் கண் இருக்கிற உயரத்துக்குக் கீழேயே துடைப்பு நின்றுவிட்டது. முதுகை வளைத்து ஸ்டீயரிங்குக்கு மேல் மோவாயை வைத்து ஓட்டினார். பயணம் கிளம்பும் முன் வண்டியை சர்வீசுக்கு விட்டோம், எல்லாம் பார்த்தாயிற்று என்று பில்லில் வரிசையாக டிக் அடித்துக் கொடுத்தார்கள். அந்த டிக்கையும் வைப்பர் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

அதே நிலையில் ஊர்ந்து போனபோது அடுத்த வளைவில் வண்டிகள் நின்றன. ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே. எங்களுக்கு முன்னால் ஒரு அரசுப் பஸ், ஒரு ஜீப், ஒரு பால் வண்டி. இரண்டு பேர் ஏற்கெனவே இயந்திர வாளோடு கிளையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் அவர்களுக்குத் தினசரி வேலை போலிருக்கிறது, பஸ் கண்டக்டர் படியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜீப்காரர் எங்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். வைப்பரைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், போர்வைக்குள் மென்றுகொண்டிருந்த அத்தையைப் பார்த்தார். "அம்மா கிட்ட புகையிலை இருக்கா?"

காருக்குள் ஒரு அமைதி. அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

ஜீப்காரர் புகையிலையைக் கையில் நனைத்துக் கசக்கி, கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க அழுத்தித் தேய்த்தார், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி வட்டமாக. மஞ்சளாக ஒரு சாயம் இறங்கி மழையில் கரைந்து போனது. அதற்கப்புறம் விழுந்த தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே பாளமாக வழிய ஆரம்பித்தது. கண்ணாடி வழியாகச் சாலை தெரிந்தது. பளிச்சென்று சொல்ல மாட்டேன், தண்ணீருக்கு அடியில் பார்க்கிற மாதிரி, ஆனால் தெரிந்தது. வைப்பர் இல்லாத காலத்து லாரிக்காரர்கள் வித்தையாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும் என்று சொல்லி மீதியை அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

இதற்குள் சின்னவன் மரம் அறுப்பதைப் பார்க்க இறங்கிப் புல்லில் நின்றிருக்கிறான். திரும்பி வந்தவன் கணுக்காலில் கறுப்பு நூல் மாதிரி இரண்டு, முழங்காலுக்குக் கீழே ஒன்று. அட்டை. அவன் போட்ட சத்தத்தில் இயந்திர வாளே ஒரு நிமிஷம் நின்றது. நான் பிடுங்கப் போனேன், இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது, விடமாட்டேன் என்கிறது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவைத் திறந்து சுண்டுவிரலில் சுண்ணாம்பைத் தொட்டு ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு வைத்தார். சுருண்டன, உதிர்ந்தன. ரத்தம் மட்டும் ரொம்ப நேரம் நிற்கவில்லை, அட்டை கடிக்கும்போதே ரத்தம் உறையாமல் இருக்க ஒன்றைச் செலுத்திவிடும் என்று பெரியவள் உயிரியல் பாடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள், அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. வெற்றிலைப் பை விஷயத்தில் நான் இனிமேல் என்ன பேச முடியும் என்று தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன்.

பாகமண்டலத்தில் மழை வேறு மாதிரி. மடிக்கேரியில் பெய்தது தூறல் என்று தோன்ற வைத்தது. காவிரியும் கன்னிகேயும் சேருகிற இடம் இது, மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத சுஜ்யோதி. (பவானியிலும் காவிரி, பவானி, கண்ணுக்குத் தெரியாத அமுத நதி என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது ஆறு எங்கேயுமே கண்ணுக்குத் தெரிவதில்லை.) மழைக்காலத்தில் சங்கமம் பொங்கிச் சாலையெல்லாம் மூழ்கிவிடும் ஊர், அதற்கென்றே மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது படித்துறை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கம்பிகளின் தலை மட்டும் வெளியே. தண்ணீர் நுங்கும் நுரையுமாக, எங்கள் வாய்க்காலுக்கு வருகிற அதே சிவப்பில் ஓடியது. அத்தை குனிந்து ஒரு கை அள்ளப் பார்த்தார், அவர் பின்னாலிருந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "விடுடா, இத எனக்குத் தெரியும்" என்றார்.

பாகண்டேஸ்வரர் கோயில் கேரளத்துக் கோயில் சாயலில் இருக்கிறது, சரிவான கூரை, மர வேலைப்பாடு. நின்று பார்க்க நேரமில்லை. ஒரு சின்ன மெஸ்ஸில் ஆவி பறக்கச் சோறும் ரசம் மாதிரி ஒரு சாறும் கிடைத்தது. இந்த நான்கு நாளில் இதுதான் நல்ல சாப்பாடு. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஏற்றம். பிரம்மகிரி மலை. இங்கேதான் 2020 ஆகஸ்டில் மலை சரிந்து தலைக்காவிரிக் கோயில் அர்ச்சகரின் வீடே மண்ணுக்குள் போனது. அதை என் கணவர் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, திரும்பி இறங்கிய பிறகுதான் சொன்னார். சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன், அது அவருக்கும் தெரியும். ஏறும்போது சாலையோரம் முழுக்கச் சின்னச் சின்ன அருவிகள், பெயர் இல்லாதவை, சில நேராகச் சாலையிலேயே விழுந்து குறுக்கே ஓடின. இரண்டு தடவை புகையிலை தேய்த்தோம்.

மேலே வண்டி நிறுத்துமிடத்தில் எங்களோடு சேர்த்து நான்கு கார். படி ஏறும்போது காற்று என் குடையை மல்லாக்கப் புரட்டி இரண்டு கம்பியை ஒடித்தது. அத்தை குடையே விரிக்கவில்லை. போர்வையைக் காரிலேயே போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மூட்டுவலியை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை, எங்களுக்கு முன்னால் ஏறினார்.

தலைக்காவிரி எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. பாறையிலிருந்து பீறிட்டு வரும் ஊற்று, அந்த மாதிரி. இருப்பது ஒரு சின்னச் சதுரத் தொட்டி. எங்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி அளவுக்குத்தான் இருக்கும். அதற்கு முன்னால் படிகளோடு ஒரு குளம். தொட்டியின் பெயர் குண்டிகெ. நம் குண்டிகைதான், முனிவர் கையில் இருக்குமே, கமண்டலம். அகத்தியர், காக்கை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. இங்கிருந்து தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கொஞ்சம் கீழே போய்த்தான் ஆறாக வெளியே வருகிறதாம். இன்றைக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தொட்டி நிறைந்து, குளம் நிறைந்து, படிகளில் தண்ணீர், தரையில் தண்ணீர், காற்றில் தண்ணீர். "இதுல மழை எது, ஆறு எது?" என்றாள் பெரியவள். மலையின் இந்தப் பக்கம் விழுந்தால் பூம்புகார், அந்தப் பக்கம் விழுந்தால் அரபிக்கடல் என்று அவர் விளக்க ஆரம்பித்தார், மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

அர்ச்சகர் தீர்த்தம் கொடுத்தார். அத்தை தான் எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லப் பார்த்தார். மாயவரம் என்றார், புரியவில்லை. மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "துலா" என்றார். ஐப்பசி முழுக்க மாயவரத்தில் துலா முழுக்குத்தான். அர்ச்சகர் முகம் மாறியது. "துலா சங்க்ரமண!" என்று தொட்டியைக் காட்டினார். ஐப்பசி பிறக்கும் நேரத்தில் இந்தத் தொட்டியில் தண்ணீர் பொங்கி வருவதைப் பார்க்கத்தான் இங்கே கூட்டம் கூடும். இவர் கன்னடத்தில் பேச, அத்தை மாயவரத்துத் தமிழில் ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகத்தையும் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கையும் பற்றிப் பேச, இரண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தார்கள். "மளெ" என்று அர்ச்சகர் வானத்தைக் காட்டினார். "மழைதான், மழைதான்" என்றார் அத்தை, ஏதோ தன் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி. இரண்டு கையையும் விரித்து அந்த மழையில் நின்றார் என்றெல்லாம் எழுத ஆசைதான், ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

திரும்பும் வழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. மரம் ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. வெளிச்சம் போவதற்குள் வந்துவிடுங்கள் என்றார்களே, போன பிறகுதான் வந்தோம். வீட்டுக்காரர் அம்மா அடுப்பில் அக்கி ரொட்டி போட்டுக்கொடுத்தார், அத்தை இரண்டு சாப்பிட்டுவிட்டு "அரிசி அடைன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். எங்கள் துணியெல்லாம் இப்போது அவர்கள் சமையலறையில் அடுப்புக்கு மேல் கொடியில் தொங்குகிறது. நாளைக்கு எல்லாவற்றிலும் புகை வாசனை இருக்கும்.

மடிக்கேரிக்கு வந்ததும் சிக்னல் வந்தது. அத்தை முதல் வேலையாக ஊரில் நிலத்தைக் கவனிக்கிற அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏய்யா, வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு?"

"கணுக்கால் அளவுதான் பெரியம்மா. இங்க வெயில் கொளுத்துது. எப்படி நாத்து விடுறதுன்னு யோசனையா இருக்கு."

"விடு, விடு. நான் பாத்துட்டேன். இங்க பெய்யிது. நாளைக்கே மேட்டூர் வராது, ஆனா வந்துரும். மேட்டூர்லேருந்து கல்லணைக்கு மூணு நாளு, அப்புறம் நம்ம ஊரு. கணக்குப் போட்டுக்க."

"நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

அத்தை பதில் சொல்லவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் கதவைத் திறந்து, வெளியே நீட்டிப் பிடித்தார். ஓட்டுக் கூரை, தகரக் குழாய், சிமெண்டுத் தரை. அரை நிமிஷம் இருக்கும்.

"பெரியம்மா? பெரியம்மா? ஒரே இரைச்சலா இருக்கு, லைன் சரியில்ல, காலைல பேசுறேன்" என்று சொல்லி அந்த அண்ணன் வைத்துவிட்டார்.

நாளை காலை கடை திறந்ததும் வைப்பர். புகையிலை தீர்ந்துவிட்டது, அதையும் வாங்கச் சொல்லி எனக்கு உத்தரவு.